கத்திட்டாவது போகட்டும்

கீழ்க் கீலின் கடைசி ஸ்க்ரூ அசைய மறுத்தது. எவனோ ஒரு பெயிண்டர் கதவையும் கீலையும் ஸ்க்ரூவையும் சேர்த்துப் பூசி மெழுகிவிட்டுப் போயிருந்தான். குக்கர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அத்தான் பின்னால் நின்று, எதற்கென்று தெரியாமலே கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடு மாப்ள. கொஞ்சம் நிமிர்த்திப் பிடிச்சா வெளிய வந்துடும்."

"நிமிர்த்தியா? அக்காவையா? சும்மா இருங்க அத்தான்."

அறைக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே கட்டிலில் போய் இடித்தது. கூடத்தில் குளிர்பெட்டி தயாராக இருந்தது. அக்காவைப் படுத்த நிலையிலேயே அதுவரை கொண்டுபோக வேண்டுமென்றால் கதவைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று குக்கர் சொல்லிவிட்டார். சொன்னதும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. சாவு வீட்டில் எல்லோருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை. அவர் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். குக்கர் என்ற பெயர் கம்பெனியில் வைத்தது. இளவயதில் அவருக்குக் கோபம் மூன்று விசிலாக வரும். முதல் விசிலுக்குக் காது சிவக்கும், இரண்டாவதற்குக் குரல் ஏறும், மூன்றாவதற்குக் கையில் இருப்பது பறக்கும். பெயர் வீடுவரை வந்து, அக்காவே போனில் "என்னடா குக்கர், சாப்பிட்டியா?" என்று கேட்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவர் திருந்திய பிறகும் பெயர் போகவில்லை. "ஆறிப்போன குக்கர்ங்க இது" என்று அவரே சொல்லி, மற்றவர்களுக்கு முன்னால் தானே சிரித்துவிடுவார்.

ஸ்க்ரூ ஒருவழியாக முனகிக்கொண்டு வெளியே வந்தது. கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் உள்ளே காலெடுத்து வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த அறைக்குள் இப்போதுதான் வருகிறார் என்பது, உள்ளே வந்து நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அது வீட்டுக் கட்டில் இல்லை. கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகள் துருத்திக்கொண்டிருந்தன, தலைப்பக்கத்தை உயர்த்த ஒன்று, கால்பக்கத்தை உயர்த்த ஒன்று. பக்கவாட்டில் கம்பித் தடுப்பு. ஜன்னலில் ஒரு ரப்பர் விரிப்பு கழுவிக் காயப் போட்டிருந்தது. மூலையில் ஏதோ ஒரு பெட்டியைப் பழைய போர்வையால் மூடியிருந்தார்கள். போர்வைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உடனே கீழே விட்டார். ஆக்சிஜன் மெஷின்.

'முதுகு வலி' என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இன்று காலையில்கூட மனைவி போன் செய்து, "அக்காவுக்குக் கொஞ்சம் முடியலையாம், வந்துட்டுப் போங்க" என்றாள். அவர் ஒரு கிடங்கில் சரக்கு லிஃப்டுக்கு மேல் உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் கிளம்பினார். வந்து அறை வாசலில் நின்றபோது உள்ளே அக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைப்பக்கக் கைப்பிடியின் பிளாஸ்டிக் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கட்டிலின் சக்கரங்கள் தரையில் கறுப்பாகத் தடம் போட்டிருந்தன. ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தித் தரையோடு ஊறிப்போனால்தான் அப்படிக் கறை பிடிக்கும். ஒரு வாரத்தில் வருகிற கறை இல்லை, ஒரு மாதத்தில் வருவதும் இல்லை. மெஷின் சமாச்சாரத்தில் அவரிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ மனுஷர்களே அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தார்கள்.

"தூக்கலாமா மாமா?" என்றாள் குருவி.

குருவி அக்காவின் ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை. சின்ன வயதில் சாப்பாட்டைக் கொறித்துக் கொறித்துச் சாப்பிட்டதால் மாமன் வைத்த பெயர் அது. அவள் கண்கள் வீங்கியிருந்தாலும் குரல் சாதாரணமாக இருந்தது. ரொம்ப நாளாக அழுது முடித்தவளின் குரல்.

தூக்க நான்கு பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேரே போதுமானதாக இருந்தது.

*

கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. குக்கர் அக்காவின் தலைமாட்டுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்குள் அக்காவின் முகம் சிறுத்துப்போய் இருந்தது. இளைத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. போன மாதம் வந்தபோதே கவனித்தார். "என்னக்கா, இப்படி வத்திப் போயிட்ட?" என்று கேட்டார். "சுகருக்காகச் சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன்டா. நல்லா இல்லையா?" என்று அக்கா கன்னத்தைத் தடவிக் காட்டினாள். கன்னத்தில் பவுடர் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அடுத்த கேள்வி ஒன்று அவருக்கு நாக்குவரை வந்தது. மூச்சை இழுத்தார், நிறுத்தினார், விட்டார். கேள்வி போய்விட்டது. அன்றைக்குத் திரும்பி வரும்போது தன்னைப் பற்றி அவருக்குப் பெருமையாக இருந்தது. பழைய ஆளாக இருந்தால் அத்தானைக் கூப்பிட்டு வைத்து, அக்காவைச் சரியாகக் கவனிக்கவில்லையா என்று ஒரு பிடி பிடித்திருப்பார்.

மூச்சு வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் ஒரு டாக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அன்று சாயங்காலமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். வேறு இடத்தில் சேர்த்தும் அம்மா பிழைக்கவில்லை. கடைசி நாட்களில் அம்மா, வந்த டாக்டரிடமெல்லாம் "என் பையன் நல்லவன்தான், கோச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் வகுப்பில் சேர்ந்தார். விளையாட்டாகச் சேரவில்லை, விழுந்து கற்றுக்கொண்டார். எங்கே போவதாக இருந்தாலும் முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போ, திடுதிப்பென்று போய் நிற்பதும் ஒரு ஆத்திரம்தான் என்று அங்கே சொன்னார்கள். அதையும் பிடித்துக்கொண்டார். அக்கா வீட்டுக்கே போன் செய்யாமல் வந்ததில்லை.

போன் செய்தால் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். அக்காவை எழுப்பி உட்கார்த்தி, தலை வாரி, கூடத்து நாற்காலிக்குக் கொண்டுவந்து, முதுகுக்குத் தலையணை வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட நேரம் கிடைக்கும். "உள்ள ஒரே குப்பைடா, போகாதே" என்று அக்கா சிரிப்பாள். அவரும் போகமாட்டார். அடுத்தவர் அறைக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்பதும் வகுப்பில் சொன்னதுதான்.

அப்போதுதான் அது நடந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் போன்கள் ஒரே சமயத்தில் ஒலித்தன. ஒன்று 'டிங்' என்றது, ஒன்று சட்டைப் பையில் உறுமியது, ஒன்று கைப்பைக்குள் இருந்து கூவியது. எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். அத்தான் பார்த்தார். குக்கரின் மனைவியும் பார்த்தாள். ஏதாவது முக்கியச் செய்தியாக இருக்கும் என்று அவரும் தன் போனை எடுத்தார். அதில் ஒன்றும் வரவில்லை.

"வண்டி நாலு மணிக்காம்டா" என்று பக்கத்திலிருந்த ஒன்றுவிட்ட அண்ணன் ஆதரவாகச் சொன்னார்.

"யாரு சொன்னா?"

"குருவி போட்டிருக்கா."

"எதுல?"

அண்ணன் போனைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். பிறகு, சூடுபட்டதுபோல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "அது… அது தனியா ஒண்ணுடா" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

குக்கரின் போனில் 'நம்ம வீடு' என்று ஒரு குரூப் உண்டு. வெளியூரில் இருக்கும் அவர் மகன்வரை குடும்பம் மொத்தமும் அதில் இருந்தது. தினமும் காலையில் ஒரு பூப்படம், ஒரு வணக்கம், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படம். வாரத்துக்கு ஒருமுறை அவர் தன் குரலில் பதிவு செய்து அனுப்புவார், கோபம் வந்தால் என்ன செய்வது, மூச்சை எப்படி எண்ணுவது என்று. எல்லோரும் கும்பிடு போடுவார்கள். அக்கா மட்டும் இரண்டு கும்பிடு. சண்டை சச்சரவு, நோய் நொடி எதுவும் இல்லாமல் இப்படி ஒரு குடும்பமா என்று அவருக்கே சில சமயம் ஆச்சரியமாக இருந்ததுண்டு.

இப்போது ஆச்சரியம் தீர்ந்தது. குடும்பம் வேறு எங்கோ இருந்திருக்கிறது. அவருக்கென்று பூப்படம் போட்டு ஒரு வரவேற்பறை மட்டும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூச்சை இழுத்தார். நிறுத்தினார். விட்டார். ஆனால் அவருக்குள் கோபம் இல்லை, பயமாக இருந்தது. வேறு எங்கெல்லாம் இப்படி என்று மனம் தானாக ஓட ஆரம்பித்தது. கம்பெனியில் அவரை, லிஃப்ட் நின்றுபோனால் ஓடும் வேலையிலிருந்து எடுத்து, கிடங்குகளையும் ஆளில்லாத ஆபீஸ்களையும் பராமரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அனுபவஸ்தர் என்பதால் என்று நினைத்திருந்தார். அடுக்குமாடி வீட்டுச் சங்கத்துச் செயலாளர்கள் யாரும் அதற்குப் பிறகு அவரிடம் கத்தியதே இல்லை. கத்துகிற ஆள் இருக்கும் எந்த இடத்துக்கும் அவரை அனுப்பவில்லை என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. பாதுகாப்பு நாள் விழாவில் மேடையேற்றி, கோபத்தை வென்ற கதையைப் பேசச் சொன்னார்கள். கைதட்டினார்கள். அடுப்பை யாரும் பற்றவே வைக்காமல், குக்கர் ஆறிவிட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எதுங்க?"

"எல்லாம்தான்."

அவள் நிமிரவில்லை. "இப்ப வேண்டாங்க" என்றாள்.

'இப்ப' என்ற அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. அவர் கூடத்துக்குத் திரும்பி, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது, தண்ணீர் குடிக்கப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அக்காவிடம் சொல்லி அழலாம் என்று ஒரு கணம் அனிச்சையாகத் தோன்றியது. இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் அக்காவிடம்தான் சொல்லிப் பழக்கம்.

*

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இரும்புக் கதவு இறங்கி மூடியபோது அத்தானுக்குக் கால் தடுமாறியது. பிடித்துக்கொண்ட உறவுக்காரர் ஒருவர், "மூச்சை நல்லா இழுத்து விடுங்க. நம்ம குக்கர் சொல்லுவானே, அந்த மாதிரி" என்றார். எல்லோரும் குக்கரைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டி வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. அவர் நேராகப் போய்க் கதவை மாட்ட உட்கார்ந்தார். ராத்திரி அத்தான் அந்த அறையில் படுக்க நேர்ந்தால் கதவு வேண்டுமே என்று சொல்லிக்கொண்டார். வீட்டுக்குப் போகாமல் இருக்க அதுவும் ஒரு சாக்குதான்.

"நான் பிடிக்கிறேன் மாமா" என்று குருவி வந்தாள்.

அவள் கதவைத் தோளால் தாங்கிக்கொள்ள, அவர் மேல் கீலைப் பொருத்தினார். பழைய ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் சுற்றியது. தீக்குச்சி ஒன்றை உடைத்து ஓட்டைக்குள் செருகி, மறுபடி முறுக்கினார். ஜன்னலில் இருந்த ரப்பர் விரிப்பை யாரோ எடுத்து மடித்து வைத்திருந்தார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றார், ஸ்க்ரூவைப் பார்த்தபடியே.

குருவி கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முதுகுவலிக் கதை வேண்டாம். கட்டில் வந்து எவ்வளவு நாளாச்சுன்னு தரையைப் பாத்தாலே தெரியுது. என்ன வியாதி?"

"கணையத்துல. தெரியறதுக்குள்ளயே முத்திப்போச்சுன்னாங்க. ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

அந்தச் சொல் அவர் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அவள் வாயிலிருந்து கேட்பது வேறு. அவர் அடுத்த ஸ்க்ரூவை எடுத்தார். அது விரல்களுக்கிடையில் நழுவித் தரையில் உருண்டது. இருவருமே அதை எடுக்கவில்லை.

"நான் போய் டாக்டர் சட்டையைப் பிடிப்பேன்னு பயமா?"

"முதல்ல அதான். பாட்டி விஷயத்துல நடந்தது மாதிரி ஆயிடக் கூடாதுன்னு அப்பாதான் சொன்னாரு. கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு." குருவி கதவை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அப்புறம் அம்மாவே வேண்டாம்னுட்டாங்க. ஆனா அது பயத்துல இல்ல மாமா."

"பின்ன?"

"நீங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க! மாறிட்டேன் மாறிட்டேன்னு வாராவாரம் பேசி அனுப்புவீங்களே. அதைக் கேட்டுட்டு அம்மா, 'பாவம்டி, இப்பதான் அவனுக்கே அவனைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்லி அவன் பழையபடி ஆயிட்டான்னா, அப்புறம் அவனால எழுந்திருக்க முடியாது'ன்னாங்க. அதான் சொல்லல. உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. செத்துக்கொண்டிருந்தவள் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கூடத்து நாற்காலிக்குப் போக இருவர் பிடிக்க வேண்டிய நிலையில், பவுடர் பூசிக்கொண்டு, தம்பியின் பெருமை உடையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பியோ எதிரில் உட்கார்ந்து அவளுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். போன மாதம்தான் சொல்லிக்கொடுத்தார். அக்கா பாதியில் நிறுத்தி, "போதும்டா, இதுக்கு மேல வரல" என்று சிரித்தாள். பயிற்சி போதவில்லை என்று அவர் சொன்னார்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா?"

குருவி சுவரைப் பார்த்தாள். "வேண்டாம் மாமா. இன்னொரு நாள் சொல்றேன்."

இன்னொரு நாள் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இந்தக் கேள்வியும் போய்விடும். அவள் சுபமாக ஏதாவது சொல்லி வைப்பாள். 'உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தாங்க' என்று பூப்படம் மாதிரி ஒன்று கைக்கு வரும். அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவருக்கு மூச்சை இழுக்க வேண்டும்போல் இருந்தது. இழுக்கவில்லை.

"இப்பவே சொல்லு."

"மாமா…"

"சொல்லும்மா."

"போன வாரம் உங்களைக் கேட்டாங்க." குருவியின் குரல் முதல்முறையாக ஆடியது. "வலி தாங்க முடியாம இருந்தப்ப. 'அவனை வரச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லிடலாம். கத்திட்டாவது போகட்டும், எனக்கு அவனைப் பாக்கணும்'னாங்க. மறுநாளும் கேட்டாங்க. நான் கூப்பிடல."

"ஏன்?"

"கூப்பிட்டா நீங்க கத்துவீங்க. அந்தச் சத்தத்துல அம்மா போயிட்டா என்ன பண்றதுன்னு… அப்பா கூப்பிடச் சொன்னாரு மாமா. நான்தான் மாட்டேன்னுட்டேன். அம்மாகிட்ட நீங்க வெளியூர்ல வேலையா இருக்கீங்கன்னு பொய் சொன்னேன்."

போன வாரம் முழுக்க அவர் இரண்டு தெரு தள்ளி வேலை செய்துகொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி, நிழலில் உட்கார்ந்து, போனில் பூப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடி உனக்கு அந்த அதிகாரத்தைக் குடுத்தது?"

அது அவருக்கே அந்நியமாகிப்போயிருந்த குரல். அறையின் சுவரெல்லாம் பட்டுத் திரும்பியது. உள்ளங்கை கதவில் ஓங்கி அறைந்திருந்தது. பாதி மாட்டிய கதவு குருவியின் தோளிலிருந்து நழுவி, கீலில் தொங்கி ஆடியது. "என் அக்காடி! என்னைப் பாக்கணும்னு கேட்டிருக்கா! நீ யாரு நடுவுல? நீ யாரு?"

அத்தான் கூடத்திலிருந்து ஓடி வந்தார். வாசலில் நின்று, "மாப்ள, மாப்ள" என்றார், கையைக் குறுக்கே நீட்டியபடி. மகளுக்கும் அவருக்கும் நடுவில் நீட்டியிருந்தார். குருவி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கண்களில் ஒன்றும் புதிதாக இல்லை. இதுதான் நடக்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, நடந்துவிட்டது, அவ்வளவுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் கைக்கு அடியில் குனிந்து வெளியே போகத் திரும்பினாள்.

போக விட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த மூன்றாவது விசிலுக்குப் பிறகு எல்லோரும் போய்விடுவார்கள், அவர் தனியாக நிற்பார். பிறகு தெருவில் வேகமாக நடப்பார். பிறகு வருத்தம், மன்னிப்பு, ஒரு புதிய வகுப்பு.

"போகாதே" என்றார்.

குருவி நின்றாள்.

"மீதியைச் சொல்லு."

"எல்லாம் சொல்லிட்டேன் மாமா. விடுங்க."

"இல்ல. நீ சொன்னதும் நான் கத்திட்டேன். கத்தினதும் நீ நிறுத்திட்ட. மீதி இருக்கு." அவர் அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அது கிறீச்சிட்டது. "பொய் சொன்னேன்னியே. அதுக்கு அவ என்ன சொன்னா?"

குருவி அப்பாவைப் பார்த்தாள். அத்தான் நீட்டிய கையை மெதுவாக இறக்கினார். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

"நம்பல" என்றாள் குருவி. "என்னையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் உங்களைக் கேக்கவே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். ஒருமுறை இல்லை, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். மூச்சு சீராக வரவில்லை, இரைத்தது, மூக்கு ஒழுகியது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம்?"

குருவி சொன்னாள். நின்றபடியே சொல்ல ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாள். அக்கா ஒருநாள் கோபத்தில் தட்டை வீசியதைச் சொன்னாள். குக்கரின் அக்காதானே என்று அப்பா சொன்னதும், வலிக்கு நடுவிலும் அக்கா சிரித்ததைச் சொன்னாள். அவர் அனுப்பிய பேச்சுகளில் பாதியை அக்கா கேட்காமலே கும்பிடு போட்டாள் என்பதையும் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு இடத்தில் குரலை உயர்த்தினார். ஒவ்வொரு தடவையும் அத்தான் வாசலில் விறைத்தார். ஒவ்வொரு தடவையும் குக்கர், "சரி, சொல்லு" என்றார். வெளிச்சம் மங்க மங்க அந்த அறையில் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. யாரும் விளக்கைப் போடவில்லை.

கதவை மாட்டி முடித்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். குருவி வாசல்வரை வந்தாள். அவளைத் தொட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது, கை எழவில்லை. "நாளைக்கு வரேன்" என்றார். போன் செய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை.

*

வீட்டில் மனைவி குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். அவரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். அவள் அவருக்கு வைத்தாள், அவர் போதும் என்று கையைக் காட்டினார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர்கள் வீடு எப்போதும் இப்படி அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியை அவர் இதுவரை தான் சம்பாதித்தது என்று எண்ணியிருந்தார்.

"நீ எப்படி இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்த?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"பழகிடுச்சு" என்றாள் அவள்.

தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் ஏதாவது இருக்கா? எனக்குத் தெரியாம?"

"ஒண்ணும் இல்லைங்க. போய்ப் படுங்க. நேத்துலேர்ந்து வேலை, இன்னிக்கு இது வேற."

"இருந்தா சொல்லு. கத்த மாட்டேன்னு சொல்லல. கத்தினாலும் கத்துவேன், எனக்கே தெரியல. ஆனா எழுந்து போக மாட்டேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள் எழுந்து தட்டுகளை அடுக்கினாள். அவ்வளவுதான், படுக்கப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாள். மேசையில் கண்ணாடிக் கூஜா இருந்தது. அவர் கைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை மேடையின் கோடியில், சுவரோரமாக வைத்தாள். அவசரமில்லாமல் வைத்தாள், தினமும் செய்கிற வேலை மாதிரி. திரும்பி வந்து, நாற்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இறக்கி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

"நம்ம பையன் விஷயம்…" என்று அவள் ஆரம்பித்தாள்.